உழவு மழை முதல் செயற்கைக்கோள் வரை: மங்கலம்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து வறட்சிக் கண்காணிப்பின் வரலாறு

முன்னுரை

2015 நவம்பர் 9 அன்று கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதிலிருந்து பதினான்கு மாதம் கழித்து, 2017 ஜனவரி 10 அன்று, தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் கடலூரும் இருந்தது. வெள்ள நிவாரணக் கணக்கு முடிவதற்குள் வறட்சி நிவாரணக் கணக்கைத் தொடங்க வேண்டிய நிலை மாவட்டத்துக்கு வந்தது.

வெளியூரில் இருப்பவர்களுக்குக் கடலூர் என்றால் புயலும் வெள்ளமும்தான் நினைவுக்கு வரும். மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 1,200 மி.மீ. அளவில் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆனால் இந்தச் சராசரி கடற்கரையையும் மேற்கையும் ஒன்றாகக் கலந்து வருவது. விருத்தாசலத்துக்கு வடக்கே, உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில், கடற்கரையிலிருந்து 50 கி.மீ. அளவு உள்ளே இருக்கிறது மங்கலம்பேட்டை. காவிரிப் பாசனம் இந்தப் பக்கம் எட்டாது. ஏரி, கிணறு, மானாவாரி ஆகிய மூன்றையும் நம்பி உழவு நடக்கும் வட்டாரம் இது. நிலக்கடலை, முந்திரி, மக்காச்சோளம், உளுந்து, கம்பு ஆகியவை இந்தச் செம்மண் பகுதியின் பயிர்கள்.

இத்தகைய வட்டாரத்தில் 'வறட்சி வந்துவிட்டது' என்று யார், எதைக் கொண்டு, எந்த நேரத்தில் சொல்லிவந்தார்கள்? அந்த அளவுகோல் காலந்தோறும் எப்படி மாறியது? இவ்விரு கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. கண்காணிப்பின் துல்லியம் தலைமுறைதோறும் கூடியிருக்கிறது. ஆனால் அளக்கும் இடமும் அளக்கும் காலமும் மானாவாரி உழவருக்குப் பொருந்தாமலே நெடுங்காலம் இருந்துவிட்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

மண்ணைக் கொண்டு அளந்த காலம்

மழைமானி வருவதற்கு முன்பும் மழை அளக்கப்பட்டது. 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்ற சொற்கள் இன்றும் கிராமத்தில் புழங்குகின்றன. ஏர் ஓட்டும் ஆழத்துக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. மழை நின்ற மறுநாள் காலையில் கொல்லைக்குப் போய், காலால் மேல்மண்ணைக் கிளறி, கீழ்மண்ணை அள்ளி உருண்டை பிடித்துப் பார்ப்பார்கள். உருண்டை நின்றால் ஏர் பூட்டலாம். உதிர்ந்தால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். கையில் ஒட்டினால் ஒருநாள் பொறுக்க வேண்டும்.

எளிய முறைதான். ஆனாலும் இதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. மழைமானி வானிலிருந்து விழுந்ததைச் சொல்லும்; உழவு மழை மண்ணில் தங்கியதைச் சொல்லும். ஒரே 20 மி.மீ. மழை செம்மண்ணில் ஒரு விதமாகவும் களிமண்ணில் வேறு விதமாகவும் இறங்கும். அரை மணியில் கொட்டினால் ஓடிப்போகும். இரவு முழுக்கத் தூறினால் ஊறிப்போகும். இந்த வேறுபாடு 'உழவு' என்ற அலகுக்குள்ளேயே அடங்கியிருந்தது.

முன்கூட்டி அறியும் முயற்சியும் இருந்தது. மார்கழியில் மழை கருக்கொள்வதாகக் கருதும் கர்ப்போட்ட நாட்களின் மேகத்தைக் கவனித்து அடுத்த ஆண்டு மழையைக் கணிப்பார்கள். பஞ்சாங்கம் ஆண்டு மழையை மரக்கால் கணக்கில் சொல்லும். இவற்றின் துல்லியம் தனி ஆய்வுக்கு உரியது. ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி மழையைப் பற்றிப் பேசுவதற்கு அவை வழிவகுத்தன என்பதே இங்கே முக்கியம்.

தயார்நிலையோ ஏரியில் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியும் அதே மன்னனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கியது. வரத்துக்கால் தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது, மதகைப் பார்ப்பது, கலங்கலைக் காப்பது ஆகிய குடிமராமத்து வேலைகள் மழைக்கு முன்பே முடிய வேண்டும். ஏரியின் உள்வாயில் எத்தனை படி நீர் நிற்கிறது என்று பார்த்து, நீரைப் பங்கிடும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டி மடை திறக்கும் முறையை மாற்றுவார். கண்காணிப்பும் தயார்நிலையும் ஒரே கையில் இருந்த காலம் அது.

வயிற்றைக் கொண்டு அளந்தவர்கள்

ஏரியும் தாங்காத ஆண்டுகள் வந்தன. சென்னையில் 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம், 'கஞ்சித் தொட்டி' என்ற பெயரை மக்கள் நாவில் நிலைக்கச் செய்தது. மங்கலம்பேட்டைக்குக் கிழக்கே, இதே மாவட்டத்தின் வடலூரில், 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில் ஒரிசாவைச் சூறையாடிய பஞ்சம் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் தொட்டிருந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

வறட்சிக் கண்காணிப்பின் வரலாற்றில் வடலூர் அடுப்புக்கு இடம் உண்டு. பசித்து வந்தவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று அது கேட்கவில்லை. மாவட்டம் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட வேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை. அடிகளார் 1874 ஜனவரியில் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், தமிழகம் கண்ட மிகக் கொடிய பஞ்சம் வந்தது.

1876இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது; 1877இன் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. மக்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் அளவு, போதும் என்று இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். மண் வெட்டும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஒரு மனிதனுக்கு எவ்வளவு சோறு என்பதே கோப்புகளில் வாதமாயிற்று. அந்த வாதம் நடந்த நாட்களில்தான் பஞ்ச வேலையாகப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. கால்வாய்க்குப் பெயர் தந்தவர் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன்.

கணக்கில் ஏறிய வறட்சி

அந்த மரணங்களுக்குப் பிறகே அரசு தன் கண்காணிப்பை ஒழுங்குபடுத்தியது. சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதன் வழியில் 1883 முதல் மாகாணங்கள் பஞ்ச நிவாரணச் சட்டத்தொகுப்புகளை வகுத்துக்கொண்டன. மழை குறைவு, தானிய விலையேற்றம், கடன் கிடைக்காமை, ஊர்விட்டு ஊர் அலையும் மக்கள், கூடிவரும் திருட்டு ஆகியவை பஞ்சத்தின் முன்னறிகுறிகளாக வரிசைப்படுத்தப்பட்டன. நெருக்கடி உண்மையா என்று சோதிக்கச் சோதனை வேலைகள் திறக்கப்பட்டன. குறைந்த கூலிக்கும் மக்கள் கூட்டமாக வந்தால் பஞ்சம் உறுதியாகும்.

இந்த ஏற்பாட்டின் கண்ணும் காதும் கிராமத்துக் கணக்குப்பிள்ளை. கிராமக் கணக்கு எண் 2 ஆன அடங்கலில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு விளைந்தது என்று அவர் எழுதினார். முழு விளைச்சலைப் பதினாறு அணாவாகக் கொண்டு, இந்த ஆண்டு எத்தனை அணா என்று மதிப்பிட்டார்கள். தாலுகா அலுவலகத்து மழைமானிக் கணக்கும் அணா மதிப்பும் மேலே போய்ப் 'பருவமும் பயிரும்' அறிக்கையாயின. ஜமாபந்தியில் வரித் தள்ளுபடிக்கும் அவையே ஆதாரம்.

இந்தக் கணக்கு உயிரிழப்பைக் குறைத்தது. அதை மறுக்க முடியாது. ஆயினும் அது எழுந்த நோக்கம் வரி. ஏரிப் பாசன நன்செய்யில் விளைச்சல் சாய்ந்தால் தள்ளுபடி வழக்கமாக இருந்தது; மானாவாரிப் புன்செய்க்கு அது விதிவிலக்கு. புன்செய்யின் தீர்வை குறைவாக இருந்ததால் அதன் இழப்பும் சிறியதாகவே பார்க்கப்பட்டது. கரம்பாய்க் கிடந்த கொல்லை, நன்செய் அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. மங்கலம்பேட்டை போன்ற வட்டாரம் அரசின் பார்வையில் மங்கத் தொடங்கியது இங்கேதான் என்று கொள்ளலாம்.

தயார்நிலை பெரிய கட்டுமானங்களாக உருவெடுத்தது. திட்டக்குடி அருகே, தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வெள்ளாற்று நீரைத் திருப்பி நிரப்பும் வெலிங்டன் ஏரி 1923இல் நிறைவுற்றது. பெரிய ஏரியின் ஆயக்கட்டுக்குள் விழுந்த ஊர்கள் பயன்பெற்றன. அதற்கு வெளியே இருந்த சிற்றேரிகளோ வருவாய்த் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் இடையே பராமரிப்பு இழந்தன. குடிமராமத்து மெல்ல நின்றுபோனது. பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பிறப்பால் வந்த அதிகாரம் போனது நல்லதே. ஆனால் ஏரியின் நீர்மட்டத்தைத் தினமும் பார்த்துவந்த நீர்க்கட்டியின் இடத்தில் வேறொருவரை அமர்த்த யாரும் நினைக்கவில்லை.

இரண்டு பருவங்கள், ஒரே கடிகாரம்

இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1886 முதல் பருவமழை முன்கணிப்பை முறையாக வெளியிட்டார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்துக்கும் இந்திய மழைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவுக்கு மழை குறையலாம் என்ற இன்றைய அறிவின் வேர் அதுவே.

அவர்கள் கணித்ததெல்லாம் தென்மேற்குப் பருவமழை. நாட்டின் பெரும்பகுதிக்கு அதுவே உயிர். கடலூருக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கே உயிர். எல் நினோவுக்கும் வடகிழக்குப் பருவத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் தென்மேற்குக்கு நேர்மாறானது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. நாட்டின் பல பகுதிகளில் வறட்சி, இங்கே வெள்ளம். 2016இல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுதும் இயல்பில் 97 விழுக்காடு பெய்தது. தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. இயல்பாக 440 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 170 மி.மீட்டரைக்கூட எட்டவில்லை. தாது வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு பருவம் கண்டதில்லை என்று பேசப்பட்டது. டெல்லியில் இருந்து பார்த்தால் நல்ல ஆண்டு. மங்கலம்பேட்டையில் இருந்து பார்த்தால் 140 ஆண்டுகளில் மிக மோசமான ஆண்டு. நாட்டின் வறட்சிக் கடிகாரம் தென்மேற்குக்கு முடுக்கப்பட்டது. தமிழகத்தின் கடிகாரம் வேறு.

வானத்துக் கண்

1987இன் கொடிய வறட்சி நாட்டைச் செயற்கைக்கோளின் பக்கம் திருப்பியது. 1989இல் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு நிறுவனம், தேசிய வேளாண் வறட்சி மதிப்பீட்டு, கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உயிருள்ள பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கும். அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். வாடிய இலையில் இந்த வேறுபாடு சுருங்கும். அதைக் கணக்கிட்டால் நிலத்தின் பசுமைக் குறியீடு கிடைக்கும். அணா மதிப்புக்கு மாறாக, கட்சி சாராத ஒரு சாட்சி வந்தது. 2012இல் டெல்லியில் அமைந்த மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இப்பணியை ஏற்றுக்கொண்டது.

ஆயினும் நம் வட்டாரத்தில் இந்தக் கண்ணுக்கு மூன்று திரைகள் விழுந்தன. முதலாவது, திட்டத்தின் மையம் ஜூனில் தொடங்கும் காரிப் பருவம். இரண்டாவது, வடகிழக்குப் பருவத்தில் வானமெல்லாம் மேகம். மூன்றாவது, தொடக்ககாலப் படங்களின் ஒரு புள்ளி தரையில் 1.1 கி.மீ. சதுரம். விருத்தாசலம் பக்கத்தில் அந்தச் சதுரத்துக்குள் முந்திரித் தோப்பும் நிலக்கடலைக் கொல்லையும் அடுத்தடுத்து இருக்கும். முந்திரி ஆழ வேரோடி ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும். பக்கத்துக் கொல்லையில் கடலை கருகிக் கிடந்தாலும், சதுரம் ஓரளவு பச்சையாகவே தெரியும். பின்னர் 56 மீட்டர் அளவுக்குக் கூர்மை பெற்ற படங்கள் இக்குறையை வெகுவாகக் குறைத்தன.

விழுது இறங்கும் நாட்கள்

செயற்கைக்கோள் பார்க்க முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நிலக்கடலைச் செடியை வைத்தே பார்க்கலாம். ஆடிப் பட்டத்தில் விதைத்த செடி ஒரு மாதத்தில் மஞ்சள் பூ வைக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசிபோன்ற விழுது கிளம்பி, மண்ணை நோக்கி வளைந்து, மண்ணுக்குள் நுழைந்த பிறகே காயாகத் திரளும். இது விதைத்த 40ஆம் நாள் முதல் 60, 65ஆம் நாள் வரை நடக்கும். 40, 45ஆம் நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்; மண் இளகியிருந்தால்தான் விழுது இறங்கும்.

அந்த நாட்களில் மூன்று வாரம் மழை இல்லாமல் போனால் செம்மண் ஓடுபோல் இறுகிவிடும். விழுது மண்ணைத் தொட்டு நுனி கருகி நிற்கும். பிறகு நல்ல மழை பெய்தால் செடி மறுபடி தழைக்கும். மழைமானி 'இயல்பு' என்று காட்டும். படத்தில் பசுமையும் திரும்பும். பிடுங்கிப் பார்த்தால் வேரடியில் நாலு காய்தான். பருவத்தின் மொத்த மழையைக் கொண்டு வறட்சியை அளப்பது ஏன் போதாது என்பதற்கு அந்த நாலு காயே சான்று. விருத்தாசலத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. வரிசை நிலக்கடலை இரகங்களை வெளியிட்டுவருவது, இந்த மண்ணோடும் மழையோடும் அறிவியல் நேருக்கு நேர் பேசும் முயற்சி.

கையேடும் அறிவிப்பும்

மத்திய அரசு 2009இல் வறட்சி மேலாண்மைக் கையேட்டை வெளியிட்டு, 2016இல் திருத்தியது. வறட்சியை அறிவிக்கும் முறை அதில் அடுக்கடுக்காக வகுக்கப்பட்டது. முதலில் மழைக்குறைவும், தொடர்ந்து மூன்று நான்கு வாரம் இயல்பில் பாதிக்கும் குறைவாகப் பெய்யும் வறள் இடைவெளியும் பார்க்கப்படும். அடுத்து விதைப்புப் பரப்பு, பசுமைக் குறியீடு, மண் ஈரம், நீர்த்தேக்கமும் நிலத்தடி நீரும் ஆகியவை. இறுதியாகப் பாதித்த ஊர்களில் 10 விழுக்காட்டில் நேரடி ஆய்வு. மண் ஈரம் தேசிய அளவுகோலில் இடம்பெற்றதும், வறள் இடைவெளி கட்டாயமானதும் பெரிய முன்னேற்றம். உழவு மழை என்ற சொல் அறிந்திருந்ததை அரசுக் கையேடும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அறிவிப்புக்கு அது குறித்த நாட்கள் காரிப் பருவத்துக்கு அக்டோபர் 30, ராபிப் பருவத்துக்கு மார்ச் 31. அக்டோபர் இறுதியில்தான் இங்கே பருவமழையே தொடங்கும். மார்ச் இறுதியில் உழவர் அடுத்த பட்டத்துக்கு விதை தேடத் தொடங்கிவிடுவார். தேசியப் பேரிடர் நிதி கடுமையான வறட்சிக்கு மட்டுமே என்ற விதி, இடைநிலை வறட்சியில் தவிக்கும் மானாவாரி வட்டாரங்களை வெளியே நிறுத்தியது.

2017 ஜனவரி அறிவிப்பில் தமிழக அரசு நெல்லுக்கு ஏக்கருக்கு ரூ.5,465, மானாவாரிப் பயிர்களுக்கு ஏக்கருக்கு ரூ.3,000 என நிவாரணம் வழங்கியது. நிலவரியைத் தள்ளுபடி செய்தது. நூறு நாள் வேலை 150 நாளானது. மத்திய அரசிடம் கேட்டது ரூ.39,565 கோடி, ஒதுக்கப்பட்டது ரூ.1,748 கோடி. இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தைக் கடன் வாங்கியே கடந்தன உழவர் குடும்பங்கள். அதே ஆண்டு குடிமராமத்துத் திட்டம் ரூ.100 கோடியில் மீண்டும் உயிர்பெற்றது.

அலகும் தயார்நிலையும்

இந்த வரலாற்றில் கண்காணிப்பின் அலகு மாகாணத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கும் சுருங்கிவந்திருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் 385 வட்டாரங்களிலும் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்தது. அரசு அண்மையில் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 வானிலை நிலையங்களையும் சேர்த்தது. 2016இல் வந்த பயிர்க் காப்பீட்டில் பிர்க்காவும் வருவாய்க் கிராமமும் அலகாயின. 5 மீட்டருக்கு 5 மீட்டர் நிலத்தில் குச்சி நட்டு, கயிறு கட்டி, அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனையே அங்கே தீர்ப்பு. கடற்கரையின் மழை மேற்கின் வறட்சியை மறைக்கும் நிலை மெல்ல மாறுகிறது.

தயார்நிலை இந்த வேகத்தில் வளரவில்லை. ஐதராபாத்தின் மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டந்தோறும் எதிர்பாரா நிலைக்கான திட்டங்களை வகுத்திருக்கிறது. மழை 2, 4, 6, 8 வாரம் தாமதமானால் எந்தப் பயிருக்கு மாறலாம் என்று அவை சொல்கின்றன. அந்த மாற்றுப் பயிரின் விதை, தாமதம் தெரிந்த வாரத்தில் ஊர்க் கடையில் இருந்தால்தான் திட்டத்துக்குப் பொருள் உண்டு. முன்பு வரகு அந்த வேலையைச் செய்தது. பல ஆண்டு கெடாத தானியம் என்பதால்தான் கோபுரக் கலசத்திலும் அதை இட்டார்கள்.

முடிவுரை

மண்ணைத் தொட்டு அளந்த அறிவு, வயிற்றைப் பார்த்து அளந்த அறம், வரிக்காக எழுதிய கணக்கு, காற்றழுத்தத்தில் கண்ட கணிப்பு, வானத்திலிருந்து பார்த்த பசுமை என்று வறட்சிக் கண்காணிப்பு நெடுந்தூரம் வந்திருக்கிறது. அரசின் ஒவ்வொரு கருவியும் முந்தைய பேரழிவுக்குப் பிறகே பிறந்தது. அதனால்தான் அது இழப்பை எண்ணுவதில் தேர்ந்து, இழப்பைத் தடுப்பதில் பின்தங்கியது.

இனிச் செய்ய வேண்டியவை தெளிவானவை. தமிழகத்துக்கு வறட்சி அறிவிக்கும் நாள் வடகிழக்குப் பருவத்தை ஒட்டி அமைய வேண்டும். பருவ மொத்தத்தோடு, விழுது இறங்கும் நாட்கள் போன்ற பயிரின் பொழுதுகளும் அளவுகோலில் ஏற வேண்டும். மழைமானி காட்டும் எண் அன்றைக்கே ஊராட்சிப் பலகைக்கு வர வேண்டும். அதன் பக்கத்தில் ஏரியின் நீர்மட்டமும், எத்தனை உழவு மழை என்பதும் எழுதப்பட வேண்டும். மூன்று வாரம் மழை இல்லை என்று பலகை காட்டும் நாளில், மாற்று விதையும் நூறு நாள் வேலையும் கோரிக்கைக்குக் காத்திராமல் தொடங்க வேண்டும்.

வடலூர் அடுப்பு 1867 முதல் எரிகிறது. பஞ்சம் வந்தபின் அதை மூட்ட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. மங்கலம்பேட்டையின் மானாவாரிக் கொல்லைகளுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இதே மாவட்டத்தில் உருவாக வேண்டும்.